‘மருமகன் என்னைப் பேசுகிறார்’

கேள்வி

மதுரையில் சமூகப் பணியில் முதுகலை முடித்தேன். திருமணமாகி டொராண்டோ வந்து, இங்கே பதிவு பெற்று, ஸ்கார்பரோவில் ஒரு மனநலக் குழுவில் சேர்ந்து 11 மாதங்கள் ஆகின்றன. குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான். டாக்டர் கூப்பிடுவார், நர்ஸ் கூப்பிடுவார், வரவேற்பு மேசையிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள். ‘ஐந்தே நிமிடம்’ என்பார்கள். முக்கால் மணி நேரம் போய்விடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மகள் வீட்டில் இருக்கும் 71 வயது அம்மா ஒருவரை மூன்று முறை நானே பார்த்தேன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். ‘ஒரே யோசனை’ என்பார். வீட்டைப் பற்றிக் கேட்டால் ‘மருமகன் ஒவ்வொரு நாளும் என்னைப் பேசுகிறார்’ என்பார்; குடும்ப ஆதரவு இருக்கிறது என்று குறிப்பில் எழுதினேன். நான்காம் முறை டாக்டரும் இருந்தார். நான் மொழிபெயர்த்தேன். ‘கடவுள் என்னை எடுக்கிறாரில்லை’ என்றார் அம்மா. இறக்க விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவமனையில் கட்டாயமாக வைத்து மனநிலையை மதிப்பிட அனுமதிக்கும் படிவம் 1ஐ டாக்டர் எழுதினார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் மகள் போன் செய்து, ‘நம்முடைய ஆள் என்று நினைத்துத்தானே சொன்னோம்’ என்று அழுதார். அம்மா இனி வரமாட்டாராம்.

வேலையில் சேர்ந்தபோது பண்பாட்டுத் திறன் பற்றி அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். தமிழே தெரிந்த எனக்கு இது எதற்கு என்று அன்று நினைத்தேன். நான் செய்தது தவறா? நான் சமூகப் பணியாளரா, மொழிபெயர்ப்பாளரா?

– பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளையும் பிறகு எடுத்துக்கொள்கிறேன். கேட்காத ஒன்று கடிதத்தின் நடுவில் கிடக்கிறது. மருமகன் ‘என்னைப் பேசுகிறார்’, ஆகவே குடும்ப ஆதரவு இருக்கிறது என்ற வரியைப் படித்ததும் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்போம். பேசுவதும் உண்டு: மேடையில் பேசுவோம், கலியாணம் பேசுவோம், விலை பேசுவோம். ஆனால் ஒருவர் இன்னொருவரைப் பேசினார் என்றால், ‘என்னோடு’ என்று வராமல் ‘என்னை’ என்று வந்தால், அது ஏசுவது. உங்கள் ஊரில் திட்டுவது என்பீர்கள். அந்த அம்மா உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, மருமகன் தன்னை ஒவ்வொரு நாளும் திட்டுகிறார் என்பது. உங்கள் குறிப்பில் இருப்பது, மருமகன் நாள்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார் என்பது.

நான் அந்த அறையில் இருக்கவில்லை. அவர் சொன்னது ‘என்னை’யா ‘என்னோடு’வா என்பதை உங்கள் காதுதான் அறியும். ஆனால் கடிதத்தில் ‘என்னை’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மதுரைத் தமிழுக்கு அது இடறுகிற வாக்கியம். இடறியதை இடறியபடியே நினைவு வைத்திருக்கிறீர்கள் என்றால் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கைதான் அதைச் சமன்செய்து எழுதிவிட்டது.

உங்களைக் குட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழே தெரியாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்திருப்பார். வந்தவர் ஈழத்தவராக இருந்திருந்தால் முதல் நாளே விஷயம் வெளியே வந்திருக்கும். தமிழ் தெரியாதவருக்குத் தனக்குத் தெரியாது என்பதாவது தெரியும். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. நாம் அறிந்த தமிழே நாம் அறியாததை மூடிவைத்துவிடுகிறது. ஆங்கிலம் பேசும் சக ஊழியர்கள் விடாத பிழைகளை நாம் விடுவது இதனால்தான்.

‘யோசனை’ என்பதையும் பாருங்கள். உங்களுக்கு அது சிந்தனை, அல்லது ஒரு நல்ல திட்டம். எங்களுக்கு அது கவலை. இரவில் நெஞ்சில் ஏறி உட்காரும் கவலை. பல வருடங்களுக்கு முன் சென்னைக்காரர் ஒருவர் என்னிடம் ‘எனக்கு ஒரு யோசனை’ என்று ஆரம்பித்தார். முகத்தை இளக்கிக்கொண்டு ‘எவ்வளவு காலமாக?’ என்று கேட்டேன். மனிதர் திகைத்துவிட்டார். வேலையை மாற்றிவிடலாமா என்று காலையில் தோன்றியதைச் சொல்ல வந்தவர் அவர். ‘அந்தரம்’ என்றால் உங்களுக்கு நடுவானில் தொங்குவது. எங்கள் அம்மாமாருக்கு அது இருப்புக் கொள்ளாத பதற்றம். பதகளிப்பைக் குறிக்க அவர்கள் தாமாகச் சொல்லும் சொல் பெரும்பாலும் அதுதான். ‘விசர்’ என்பது உங்கள் ஊரில் பலருக்குப் புரியாது. எங்களுக்கு அதுதான் பைத்தியம், அதுதான் செல்லக் கோபமும். ‘எனக்கு விசர் பிடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் மருந்தை எடுக்க வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்பது குரலைப் பொறுத்தது. நீங்கள் டொராண்டோ என்று எழுதுகிறீர்கள், நான் ரொறன்ரோ என்று எழுதுகிறேன். இருவரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் நிற்கிறோம், ஆனால் ஒரே இடத்திலிருந்து வந்து நிற்கவில்லை.

சொல்தான் சிக்கல் என்றால் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவேன். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மனநலப் பணிக்கு வந்த புதிதில் யாழ்ப்பாண நகரத்தில் பிறந்த ஒரு பெண் வந்தார். என் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அதே பேச்சு, அதே கடைத்தெரு, அதே பஸ் நிலையம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே எழுந்து நடந்த இடப்பெயர்வைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். ‘நம்முடைய சனம் பட்ட பாடு’ என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். இரண்டாம் முறை வரவில்லை. அவர் முஸ்லிம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நான் ‘நம்முடைய’ இடப்பெயர்வு என்று சொன்ன வீதியிலிருந்து அவரை ஐந்து வருடம் முன்பே துரத்தியிருந்தார்கள், அதுவும் என் சனத்தின் பெயரால். அவர் பெயர் கோப்பில் இருந்தது. படித்திருந்தேன். படித்ததை நினைத்துப் பார்க்கவில்லை.

தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. கேட்பவரையும் உள்ளே இழுப்பது ‘நாம்’. நான் அவரைக் கேட்காமலே இழுத்துவிட்டேன். இன்றைக்கும் சந்திப்பு அறையில் அந்தச் சொல்லை யாரிடமும் நானாக முதலில் சொல்வதில்லை. வந்தவர் சொல்லட்டும். ‘நம்முடைய ஆள்’ என்று அந்த மகள் உங்களிடம் சொன்னதும் அதே சொல்தான். அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

இனி ‘கடவுள் என்னை எடுக்கிறாரில்லை.’ தவறா என்று கேட்டீர்கள். அதை மறைக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோனது தவறில்லை. ‘எங்கள் கிழவிகள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்’ என்று தள்ளியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். அப்படித் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பண்பாடு அறிந்தவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக உயர்ந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகுதான் அது பெருமளவு இறங்கியது. அங்கிருந்து வந்த முதியவர் சாவைப் பற்றிச் சொன்னால், அது வெறும் வாய்ப்பழக்கம் என்று முடிவுகட்ட எங்களுக்கு உரிமை இல்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். எடுப்பவர் கடவுள், அம்மா காத்திருக்கிறவர். ‘இறக்க விரும்புகிறார்’ என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதும் எழுவாய் மாறிவிட்டது. கடவுள் போய்விட்டார், அம்மா செயலில் இறங்கிவிட்டார். வைத்தியர் கேட்டது அந்த இரண்டாவது வாக்கியத்தை.

முதல் வாக்கியம் எத்தனையோ விதமாக இருக்கலாம். பிரார்த்தனையாக இருக்கலாம். உடல் தளர்ந்த ஒருவரின் அலுப்பாக இருக்கலாம். பக்கத்து அறையில் இருக்கிற மகளின் காதில் விழட்டும் என்று சொன்ன குறையாக இருக்கலாம். ஒரு திட்டத்தை மூடியிருக்கிற துணியாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் கேட்க வேண்டும், நேராக: ‘கடவுள் எடுக்கட்டும் என்று இருக்கிறீர்களா அம்மா, அல்லது நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றும் மனதில் வந்ததா?’ கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. வந்தது என்றால், எப்போது, எப்படி, வீட்டில் மாத்திரைகள் யார் கையில் இருக்கின்றன என்று தொடருங்கள். அப்போது படிவம் 1 தேவைப்படலாம், தயங்காதீர்கள். வரவில்லை என்றால் அடுத்த கேள்வி, ‘கடவுள் எதற்காக அம்மா எடுக்க வேண்டும்?’ அந்த இடத்தில் மருமகன் கதைக்குள் வந்திருப்பார் என்பது என் ஊகம்.

மனச்சோர்வை அளக்க இங்கே எங்கும் நீட்டப்படும் 9 கேள்வித் தாளின் கடைசிக் கேள்வியிலும் இதே பிடுங்கல் உண்டு. இறந்துபோயிருந்தால் நல்லது என்ற எண்ணமும் தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணமும் ஒரே கேள்விக்குள் கிடக்கின்றன. எங்கள் முதியவர்களுக்கு அந்தக் கேள்வியை நான் எப்போதும் இரண்டாகப் பிரித்துத்தான் கேட்கிறேன். எப்படிக் கேட்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

படிவம் 1 கைது இல்லை. ஒருவரை 72 மணி நேரம் வரை வைத்திருந்து மனநிலையை மதிப்பிட ஒன்ராறியோ மனநலச் சட்டம் தரும் அதிகாரம். அப்படி வைத்திருப்பதை அவருக்கு எழுத்தில் அறிவிக்கப் படிவம் 42 என்று ஒரு தாள் கொடுக்கப்படும். அன்று அந்தத் தாளை யாராவது அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா? ‘சில கேள்விகள் கேட்க வேண்டும், கொஞ்சம் இருங்கள்’ என்ற வாக்கியம் உங்களுக்கும் வைத்தியருக்கும் சாதாரணம். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வராத ஊரிலிருந்து வந்தவருக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்? அவர் யாரை அப்படி இழந்தாரோ, இழந்தாரா இல்லையா என்பதைக்கூட உங்கள் கடிதத்தில் காணவில்லை. மூன்று சந்திப்புகளில் அந்தப் பேச்சு வரவே இல்லை என்று நினைக்கிறேன். ‘பிரச்சினை நேரம் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டால் போதும். பிரச்சினை என்றால் போர் என்று எங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குறிப்பில் பெருமூச்சை என்னவென்று எழுதினீர்கள்? மூச்சுத் திணறல் என்று எழுதியிருந்தால் அவரை நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பியிருப்பார்கள். எடுக்கட்டும், 71 வயதில் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்காமல் விடக் கூடாது. ஆனால் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், பெருமூச்சை எங்கள் மக்களின் துயரம் உடல்வழியே பேசும் மொழியாகத் தம் ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார். நெஞ்சுப் படத்தில் ஒன்றும் இல்லை என்று வரும்போது ‘அப்படியானால் ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பாமல் இருக்க அது உதவும்.

நீங்கள் சமூகப் பணியாளரா, மொழிபெயர்ப்பாளரா? இரண்டுமாக இருக்கலாம், ஒரே சந்திப்பில் இருக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. சமூகப் பணியாளர் கேட்காமல் இருக்கக் கூடாது. அன்று உங்களை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தார்கள். அதனால்தான் அந்த ஒரு கேள்வி உங்கள் வாயில் வரவில்லை. அதே நேரம் மூன்று முறை பார்த்தவர் என்ற உரிமையில் வாக்கியத்துக்கு நீங்களே பொருளும் சொல்லிவிட்டீர்கள். இரண்டு வேலையிலும் பாதிப் பாதி. இது உங்கள் திறமைக் குறைவு இல்லை, நாற்காலிக் கோளாறு.

மேற்பார்வையாளரிடம் போகும்போது வெறும் மனக்குறையோடு போகாதீர்கள். நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார் கூப்பிட்டார், எதற்கு, எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் உங்களுடைய எந்த வேலை நின்றது. உங்கள் பெயரில் உள்ளவர்களுக்கு, அவர்களுடைய சமூகப் பணியாளராகத் தமிழில் நடத்தும் சந்திப்பு உங்கள் வேலை. மற்றவர்களின் சந்திப்புக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், தொலைபேசியிலாவது. வைத்தியரோடு நீங்களும் இருக்க வேண்டிய சந்திப்பானால் அவரிடம் முன்கூட்டியே பத்து நிமிடம் கேளுங்கள். முடிந்த பிறகு பத்து நிமிடம். ‘இந்த வாக்கியம் ஆங்கிலத்தில் நேராக வராது, ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லும் உரிமையை அந்த முதல் பத்து நிமிடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வைத்தியர்கள் நன்றி சொல்வார்கள். மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ‘இருமொழி அறிந்தவர்’ என்றால் ஆங்கிலமும் பிரெஞ்சும். அந்த இரண்டும் வேண்டிய பதவிகளில் இருக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வருடம் 800 டொலர் மொழிப் படி உண்டு. 1970களில் வந்தது, இன்றும் அதே 800. 2023 நவம்பர் கடைசியில் தொடங்கிய 988 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணிலும் பதில் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில். நள்ளிரவில் தமிழில் மட்டும் அழத் தெரிந்தவருக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் உங்களைப் போன்ற பகல்நேர ஊழியர் ஒருவர். அந்தத் தமிழுக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு வரி இல்லை. நோட்டில் எழுதச் சொன்னது இதற்காகவும்தான். எழுதாத வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த அரை நாள் பயிற்சியில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் உட்கார்ந்திருக்கிறேன். தெற்காசியர்கள் குடும்பப் பற்று மிக்கவர்கள். பெரியவர்களை மதிப்பார்கள். மனநோயை உடல்நோயாகச் சொல்வார்கள். உங்கள் குறிப்பில் ‘குடும்ப ஆதரவு’ வந்ததில் மதுரைத் தமிழுக்குப் பாதிப் பங்கு என்றால் மற்றப் பாதி இந்தப் பட்டியலுக்கு. குடும்பப் பற்று மிக்க சனம் என்று கேட்டுவிட்டு வந்தவருக்கு மருமகன் பேசினால் அன்பாகத்தானே தோன்றும்.

மெலனி டெர்வலோன், ஜேன் மரே கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1998இல் பண்பாட்டுத் திறன் என்ற சொல்லுக்கு மாற்றாகப் பண்பாட்டுப் பணிவு என்ற ஒன்றை முன்வைத்தார்கள்: எல்லாம் தெரியும் என்று எண்ணாமல் எதிரே இருப்பவரிடமே கேட்டு அறிவது. அவர்கள் தரும் உதாரணம் எனக்கு மறப்பதே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முனகிக்கொண்டிருக்கும் ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண். அதே இனத்து வைத்தியர் ஒருவர் பார்த்துவிட்டு, மிகவும் வலிக்கிறது போலிருக்கிறதே என்கிறார். தாதி அதை ஏற்கவில்லை. அவர்கள் வலியை மிகைப்படுத்துவார்கள் என்று தாதிப் பயிற்சியில் தான் படித்ததாகச் சொல்கிறார். அந்தத் தாதி அக்கறையில்லாதவர் இல்லை. படித்தவர், அவ்வளவுதான்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க்குறிக் கையேட்டின் 2013ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் பண்பாட்டை விசாரிக்க 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று இருக்கிறது. தாளை எதிரே வைத்துக்கொண்டு அப்படியே கேட்டால் தேர்வு மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒன்று தங்கம்: உங்கள் பிரச்சினையைக் குடும்பத்தவரிடமோ நண்பரிடமோ சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள் என்பது. நான் அதை இப்படி மாற்றிக் கேட்பேன்: ‘ஊரில் இருக்கிற உங்கள் தங்கச்சி இப்போது போன் எடுத்து, என்ன அக்கா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ எங்களிடம் சொல்லாத பாதி அப்போது வரும். வைத்தியசாலைக்கு ஏற்றபடி அடுக்கிய சொல் எல்லாம் கலைந்து, தங்கச்சியிடம் சொல்கிற சொல் வரும். அதை அப்படியே தமிழில், அவர் வாய்ச்சொல்லாக, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அதன் கீழே ஆங்கிலத்தில் பொருள். அதற்கும் கீழே, தனியாக, உங்கள் கருத்து. மூன்றையும் கலக்காதீர்கள். ‘மருமகன் என்னைப் பேசுகிறார்’ என்று தமிழில் ஒரு வரி கோப்பில் இருந்திருந்தால், நீங்கள் விடுமுறையில் போயிருக்கும் நாளில் அதைத் திறக்கிற என்னைப் போன்ற ஒருத்தி பிடித்திருப்பாள்.

‘நம்முடைய ஆள்.’ அந்த மகளின் கோபம் நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களை அரிக்கிறது என்று தெரிகிறது. அவர் உங்களைச் சமூகப் பணியாளராக எடுக்கவில்லை, உறவாக எடுத்தார். உறவுக்காரரிடம் சொன்னது கோப்பில் ஏறாது. நீங்களும் முதல் நாளே அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த ஒட்டுதல் யாருக்குத்தான் இனிக்காது! இனி முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்: நீங்கள் சொல்வது என் குழுவுக்குள் இருக்கும், கோவிலுக்குப் போகாது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ ஒரு பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தாலோ நான் சும்மா இருக்க மாட்டேன். கடையில் கண்டால் நானாக வந்து பேச மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். இந்த நகரத்தில் கலியாண மண்டபமும் நகைக்கடையும் எங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். ‘தமிழ் ஆள் வேண்டாம்’ என்று கேட்டு வருகிறவர்களும் இதனால்தான் கேட்கிறார்கள். அதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். இங்கே பிறந்த பிள்ளைகள் தகப்பனைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஓரிடத்தில் தமிழுக்குத் தாவினாலும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குள் ஒளிந்தாலும், அந்தத் தாவலைத்தான் நான் குறித்துவைப்பேன்.

‘தங்கச்சி எந்த ஊர்?’ என்று உங்களிடம் கேட்பார்கள். மதுரை என்றால் எங்களவர்களிடம் தப்பிவிடுவீர்கள். என்னிடம் ஊரோடு நிற்காது, ‘ஊரில் எந்தப் பக்கம்?’ என்று வரும். அது சாதி விசாரணை. அறையில் யார் யாருக்கு மேலே என்று தெரிந்துகொள்ளாமல் வாய் திறக்கப் பழகாதவர்களின் கேள்வி. சில சமயம், மேல்சாதிக்காரி ஒருத்தியிடம் என் வீட்டுக் கதையைச் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்று பயந்தவரின் கேள்வியும் அதுதான். இரண்டும் ஒரே சொற்களில் வரும். நான் ஊரைச் சொல்லுவேன், பக்கத்தைச் சொல்ல மாட்டேன். ‘அது தெரிந்தால் சொல்ல இலகுவாக இருக்குமா, கஷ்டமாக இருக்குமா?’ என்று திருப்பிக் கேட்பேன். பதில் வருகிறதோ இல்லையோ, பேச்சு நேர்மையாகிவிடும்.

இனி அந்த அம்மா. மகள் வழியாக அழைக்காதீர்கள். அவருக்கென்று தனித் தொலைபேசி இருந்தால் அதில். இல்லையென்றால் மகளிடம், ‘அன்று நான் மொழிபெயர்த்த விதத்தில் ஒரு பிழை இருந்தது, அதை அம்மாவிடமே சொல்ல வேண்டும்’ என்று சொல்லிக் கேளுங்கள். அது உண்மை, மன்னிப்பும்கூட. மருமகனைப் பற்றி மகளிடம் ஒரு சொல்லும் வேண்டாம். வந்தால் தனியே பாருங்கள். நீங்கள் எழுதிய பழைய குறிப்பை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தன் கோப்பில் உள்ளதை அறிய ஒன்ராறியோச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. ‘அன்பாகப் பேசுகிறார் என்று எழுதிவிட்டேன் அம்மா’ என்றால் அவர் சிரிக்கக்கூடும், அந்தச் சிரிப்பு உங்களுக்கு நிறையச் சொல்லும்.

திட்டுவதோடு நிற்கிறதா, கை நீள்கிறதா, காசு யார் கையில், வெளியே போக முடிகிறதா என்று கேளுங்கள். வீட்டில் வாழும் முதியோர் விஷயத்தில், பிள்ளைகளுக்கு உள்ளது போன்ற பொதுவான கட்டாய அறிவிப்பு ஒன்ராறியோவில் இல்லை. அவர் சம்மதம் இல்லாமல் அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம், உடனடி ஆபத்து இருந்தாலன்றி. ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அறிய வேண்டும். மகளும் மருமகனும் குடிவரவின் பெற்றோர் பிரிவில் அழைத்து வந்திருந்தால் 20 வருடத்துக்கு அவரைத் தாங்குவதாக அரசாங்கத்துக்குக் கையெழுத்திட்டிருப்பார்கள். 10 வருடம் இங்கே வாழ்ந்திருக்காவிட்டால் முதியோர் ஓய்வூதியம் அவருக்கு வராது. ஆக, பஸ் டிக்கெட்டுக்கும் மருமகனிடம்தான் கை நீட்ட வேண்டும். ‘திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று வீட்டில் யாராவது சொல்லியிருக்கலாம். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்ட ஒருவரை அழைத்துவந்தவர் கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்ப முடியாது என்பது இங்கே வந்த எத்தனையோ அம்மாமாருக்குத் தெரியாது. அவர் வந்திருப்பது வருகை விசாவில் என்றால் நிலைமை வேறு. சட்ட உதவி மையம் ஒன்றில் கேட்டுவிட்டு அவருக்குச் சொல்லுங்கள்.

பழைய குறிப்பை அழிக்க வேண்டாம். இன்றைய திகதியிட்டு, அதன் கீழே திருத்தம் எழுதுங்கள்: அவர் சொன்ன வாக்கியம் இது, நான் விளங்கிக்கொண்டது இது, யாழ்ப்பாணத் தமிழில் இதன் பொருள் இது, அவரிடம் கேட்டபோது சொன்னது இது. கடைசி வரிக்கு இடம் விட்டுவையுங்கள். அவர் வந்து சொன்ன பிறகு நிரப்பிவிட்டு, முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா